ஒரு காதில் தாளம்

கோயிலில் முதல் தரிசனமான நிர்மால்யம் தொழப் போகிறேன் என்று விடியுமுன் கிளம்பிய என் மூத்த மகள், தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தாள். முந்தின வாரமே பதிவுத் திருமணம் ஆகிவிட்டது, இப்போது பெங்களூர் பஸ்ஸில் ஏறுகிறேன் என்றாள். அதற்குப் பிறகு, இருட்டில் வாசல் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டாலே நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

இரண்டு வருடம் கழித்து இளையவள் அதே நேரத்தில் தாழ்ப்பாளைத் திறந்தாள். அவளுக்கு ஊரோரம் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. உட்கார்ந்தே உடம்பு கெடுகிறது, புத்தரிக்கண்டம் மைதானத்தில் ஓடப் போகிறேன் என்றாள். டாக்டர் என்னையும் ஓடச் சொல்லியிருக்கிறார் என்று நானும் கிளம்பினேன். டாக்டர் நடக்கத்தான் சொல்லியிருந்தார்.

அவள் காதில் ஒயர் இருந்தது. மறுமுனை இடுப்புப் பையில், மொபைலில். ஓடும்போது உதடு அசைந்துகொண்டே இருந்தது. நெருங்கி ஏதாவது கேட்டால் ஒயரைக் கழற்றி, "என்னப்பா?" என்று சிரிப்பாள். மூத்தவளும் கடைசி வாரம் முழுக்கச் சிரித்தபடிதான் இருந்தாள்.

அவளைக் கண்ணில் படும்படி வைத்திருக்க எட்டி எட்டிக் காலை வைத்தேன். குதிகால் தரையில் மோதுவது முழங்கால்வரை அதிர்ந்தது. ஆரியசாலையில் மளிகை மொத்தக் கடை வைத்திருப்பவர் தினமும் அங்கே நடக்க வருவார். "என்ன சாமி, ஓடுறீகளா, துரத்துறீகளா?" என்றார். கையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடினேன்.

"யாரோட பேசிண்டு ஓடறா?" என்று மனைவியிடம் கேட்டேன். அவள் வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். பாட்டு நோட்டிலிருந்து தலை நிமிராமல், "நீங்கதானே கூடப் போறேள். அவளையே கேளுங்கோ" என்றாள். இவளும் உடந்தை என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் மைதானத்தின் பாதியில் மகளை மறித்தேன்.

"யார் அவன்?"

"எவன்?"

"காதுல பேசறவன்."

நெற்றி வியர்வையைத் துடைத்தாள். பிறகு ஒரு பக்கத்து ஒயரைக் கழற்றி என் காதில் செருகினாள். டக், டக், டக். என் வீட்டுத் தாளப்பெட்டி. மாணவிகளுக்கு மனைவி வைக்கும் அதே சத்தம், ஆனால் யாராலும் பாட முடியாத வேகத்தில்.

"காலை நீளமா வெச்சு ஓடினா முட்டி போயிடும்னு ஆபீஸ்ல ஒருத்தி சொன்னா. சின்னச் சின்னதா, வேகமா வெக்கணும். அதான் எண்ணிண்டு ஓடறேன். அம்மாதான் பெட்டியை வேகமா வெச்சு இதுல பதிஞ்சு தந்தா."

"எங்கிட்ட சொல்லலையே."

"நீங்க ஓட வரேள்னு நினைச்சேன். காவலுக்கு வரேள்னு இப்பல்லோ மனசிலாச்சு." ஒயரைச் சரிசெய்தபடி தொடர்ந்தாள். "கூட வேலை பாக்கறவா ஹாஸ்டலுக்கு வந்துடுன்னு கூப்பிட்டுண்டே இருக்கா. அக்கா போனதுக்கப்பறம் நானும் போகவேண்டாம்னு இருக்கேன். இன்னொரு தரம் இப்படிக் கேட்டா போயிடுவேன், அப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

என் காதிலிருந்ததைத் திரும்ப வாங்காமலே ஓடத் தொடங்கினாள். ஒயர் நீளம் குறைவு. தோளோடு தோள் ஓடினால்தான் காதில் நிற்கும். என் நீளமான எட்டுகளை அவளுடைய சின்ன அடிகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. முதலில் தடுக்கியது. அந்தச் சுற்று முடிவதற்குள் முழங்கால் அதிர்வு பாதியாகக் குறைந்துவிட்டது. மளிகைக்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் அப்படியே ஓடினோம். அடுத்த வாரம் ஒரு நாள், நடுவில் தாளம் நின்று மணி அடித்தது. அவள் மொபைலை எடுத்துப் பெயரைப் பார்த்தாள். கட் செய்துவிட்டுப் பையில் போட்டாள். மணி ஆறுகூட ஆகவில்லை. இந்த நேரத்தில் யார் கூப்பிடுவார்கள்? கேட்க வாயைத் திறந்தேன்.

தாளம் திரும்பவும் தொடங்கியது. என் கால் பிந்தியது.

"அப்பா, காலு" என்றாள்.

காலைப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.