எலக்ட்ரான் வேஷம் போட்டவை

என் தங்கைக்கு ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்த பட்டப்பெயர் சல்லடை. கருவி எலக்ட்ரான் என்று காட்டுவதெல்லாம் எலக்ட்ரான் இல்லையாம். வேறு துகள்களும் அந்த வேஷத்தில் புகுந்துவிடுமாம். அவற்றைச் சலித்துத் தள்ளுவதுதான் ஏழு வருஷமாக அவள் பிழைப்பு. வீட்டில் சாவியைத் தேடச் சொன்னால் மட்டும் மகாராணிக்குக் கண் தெரியாது.

ஒரு துகள் சிதையும்போது எலக்ட்ரானும் பிறக்கலாம், அதைவிடக் கனமான அதன் உறவு மியூவானும் பிறக்கலாம். இயற்கை இரண்டையும் சரிசமமாக நடத்தும், அதனால் விகிதம் ஒன்று என்பது பாடப்புத்தகம். விகிதம் ஒன்றாக வராவிட்டால், யாரும் பார்த்திராத புதுத் துகள் ஏதோ நடுவில் புகுந்து ஓரவஞ்சனை செய்கிறது என்று அர்த்தம்.

வேலை முடியும்வரை விடையைத் தங்களுக்கே தெரியாமல் மூடி வைப்பது அவர்கள் வழக்கம். ஆசை கணக்கைக் கெடுத்துவிடுமாம். போன மாதம் திறந்தார்கள். எலக்ட்ரான்கள் கூடுதல்! ஆய்வுக்கூடமே துள்ளிக் குதித்தது. தங்கையின் வேலையை நீட்டிப்பதாகத் தலைவரும் சொல்லிவிட்டார். நான் என் தையல் கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, மதியம் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"தப்பு பண்ணிட்டேன்க்கா. வேஷத்தைப் பிடிக்க ரெண்டு சோதனை வச்சிருக்கேன். ஒண்ணுல தப்பிச்சது இன்னொண்ணுல மாட்டிக்கும்னு நம்பிக் கணக்குப் போட்டுட்டேன். முதல் சோதனையை ஏமாத்துறது ரெண்டாவதையும் சுலபமா ஏமாத்துதுன்னு இப்பதான் தெரிஞ்சுது. கூடுதலா வந்ததெல்லாம் வேஷம்தான்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வாயை மூடிக்கிட்டு சும்மா இரு! வேலை போயிடும்டி."

சொன்னதும் எனக்கே நாக்கூசியது. ஆனால் பயம். இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு உலகமே கிடையாது.

அவள் கோபப்படவில்லை. "விடை மூடியிருந்தப்ப ஒழுங்கா இருந்தேன். திறந்தப்புறம் எப்படிக்கா மாறுறது?" என்றாள். எழுந்து போய்த் தலைவருக்கு எழுதினாள்.

திருத்திய கணக்கில் விகிதம் ஒன்றுக்கே வந்து நின்றது. புதுத் துகளும் இல்லை, வேலை நீட்டிப்பும் இல்லை. அவள் மேசையைக் காலி செய்ய நானும் கூடப் போனேன்.

மறுநாள் கடையில் ஒரு வாடிக்கைக்காரி கேட்டாள்: "என்னக்கா, உங்க தங்கச்சி புதுத் துகள் கண்டுபிடிச்சாச்சா?"

தையல் மெஷினை நிறுத்தினேன். "இல்லம்மா. அது புதுத் துகள் இல்லைன்னு கண்டுபிடிச்சா. அவ ஒருத்திதான் கண்டுபிடிச்சா" என்றேன். முன்னைவிடச் சத்தமாகவே சொன்னேன்.