மெமரிக்கு வைத்த சந்தனப் பொட்டு

இலங்கை மலையகத்தில், நோர்வூட் கடைத்தெருவில் நான் வேலை செய்த ஸ்டூடியோவில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஃபிலிம் காலம் முடிந்து, படம் எடுத்த கையோடு அடித்துக் கொடுக்கும் காலம் வந்தபோது முதலாளி அதை வாங்கினார். கடையில் நாங்கள் இருவர்தான். கம்ப்யூட்டர் வேலை அவருடையது. விளக்குப் போடுவது, படம் எடுப்பது, வெட்டுவது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் என்னுடையவை. நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. ஆட்களோடு பேச வராததுதான் குறை. முகத்தை நிமிர்த்துங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கையை மேலே தூக்கிக் காட்டுவேன்.

"நம்ம கடையில ஊமைப் படந்தாங்க எடுக்கிறது" என்று முதலாளி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால், கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகப் போகிறது என்று ஹட்டனிலிருந்து புது மெமரி ஒன்று வாங்கி வந்து முதலாளியே பொருத்தினார். விரலைவிடக் கொஞ்சம் நீளமான பச்சைத் தகடு. அதன் ஒரு ஓரத்தில் தங்க நிறத்தில் பற்கள் மாதிரி வரிசை. பழைய மெமரிக்குப் பக்கத்தில் அதையும் சொருகினார். கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடியது.

முதலாளி ஸ்டூடியோ போடுவதற்கு முன் தேயிலை ஃபெக்டரியில் இருந்தவர். ஃபெக்டரியில் ஆயுத பூஜை என்றால் மெஷினை வெளியே துடைத்துப் பொட்டு வைத்தால் போதாது. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றித் துடைத்து, துண்டு துண்டாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் திரும்பப் பூட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில், மெமரி பொருத்திய தைரியத்தில், அந்த வருஷம் முதல் தடவையாகக் கம்ப்யூட்டர் பெட்டியையும் திறந்தார். தூசி தட்டினோம். இரண்டு மெமரியையும் பிடுங்கி, கேமரா, கத்தரிக்கோல், படம் வெட்டும் கத்தியோடு தாம்பாளத்தில் வைத்தோம். எல்லாவற்றுக்கும் அவர் கையாலேயே பொட்டு வைத்தார். சாமி கும்பிட்ட பிறகு மெமரிகளைத் திரும்பச் சொருகிப் பெட்டியை மூடினார். பூஜையில் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டுகிற வரைக்கும் வேலைக்கு எடுக்கக்கூடாது என்பதால் சோதித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் கற்பூரத் தட்டு இன்னும் சூடாக இருக்கும்போதே ஒரு அம்மா வந்துவிட்டார். மேல் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். நாற்பதைத் தாண்டியிருக்கும். ரவிக்கையெல்லாம் மழையில் நனைந்திருந்தது.

"ஐடென்டி கார்டுக்குப் படம் எடுக்கணுங்க. ஸ்கூல்ல ஆபிசருங்க வந்திருக்காங்க, மத்தியானம் வரைக்குந்தானாம். அதுக்குள்ள கொண்டுபோய்க் குடுக்கணும்."

"இவ்வளவு நாளா எங்க போனீங்க?" என்றார் முதலாளி.

"தோட்டத்த விட்டு எங்கயாச்சும் போனாத்தானே அது வேணும்? கொழும்புல மகளுக்கு நெற மாசம் நெருங்குது. போன மாசம் பாக்கப் போனேன். செக்கிங்குன்னு பஸ்ஸ நிப்பாட்டி எறக்கிட்டாங்க. ஐடென்டி இல்லன்னு ராத்திரி முழுக்க பொலிஸ்ல ஒக்கார வச்சி, காலையில திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னைக்கு விட்டா இவங்க எப்ப வருவாங்களோ. புள்ள பொறக்கும்போது நான் கிட்ட இருக்க வேணாமாங்க?"

அவரை உட்கார வைத்து விளக்கைப் போட்டேன். கையைக் காட்டினேன். நிமிர்ந்தார். படம் எடுத்தாகிவிட்டது. இனி அதைக் கம்ப்யூட்டரில் போட்டு அடிக்க வேண்டும்.

முதலாளி பட்டனை அமுக்கினார். உள்ளே காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு நீளமாக ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு அதே சத்தம். நிறுத்திப் போட்டார், மறுபடியும் அதே. திரையின் வயரைப் பிடுங்கிச் சொருகினார். வேறு பிளக்கில் போட்டார். கம்ப்யூட்டர் கத்துவதை நிறுத்தவில்லை.

"என்னாங்க, அழுவுது?" என்றார் அந்த அம்மா.

"புது மெமரிதான் செத்துப்போச்சி" என்று முதலாளி பெட்டியைத் திறந்து அதைப் பிடுங்கிப் போட்டார். பழையது மட்டும் இருந்தது. அப்போதும் கத்தியது. அவர் முகம் மாறிவிட்டது. பழையது இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. "போர்டே போயிருச்சோ என்னவோ. பூஜ போட்ட மறுநாளே இப்பிடியா!"

ஹட்டனில் மெமரி விற்ற கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். போனில் ஸ்பீக்கரைப் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"போன் அது கிட்ட வைங்க மொதலாளி... ஆ, மெமரி. அது சரியா புடிக்கலே. கழட்டினதா?"

"கழட்டினோம். ஆயுத பூஜைக்கு."

"தண்ணியில தொடச்சதா?"

"சேச்சே, தண்ணியெல்லாம் இல்ல. பொட்டுத்தான் வச்சேன்."

"பொட்டு? எங்க வச்சது?"

முதலாளி பிடுங்கிப் போட்ட மெமரியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பச்சைத் தகட்டில் வைத்தால் அழகாக இல்லையென்று, தங்கப் பற்கள் மேலேயே வரிசையாக வைத்திருந்தார். சந்தனம் காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"அந்த... தங்கத்து மேல."

"அனே மொதலாளி!" அங்கே வெகுநேரம் சிரிப்புக் கேட்டது. "பல்லு மேல சந்தனம் பூசினா அது எப்பிடி கடிக்கும்? பள்ளிக்கூட புள்ளைங்க அழிக்கிற ரப்பர் இருக்குதானே, அதால தேய்ங்க. சொருகுற பள்ளமும் சுத்தம் பண்ணணும். வயர் கழட்டிட்டுப் பண்ணுங்க."

போனை வைத்த பிறகும் முதலாளி தேய்க்கவில்லை. வயரைப் பிடுங்கி, பழைய மெமரியையும் கழற்றி, இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு சரஸ்வதி படத்தைப் பார்த்தார். "வருஷத்துக்கு ஒருக்கா வச்சது. ரப்பர் போட்டுத் தேய்க்கிறதுன்னா ஒரு மாதிரி இருக்கு."

"ஏங்க, காலையில நெத்தியில வச்ச பொட்ட ராவுல மூஞ்சி கழுவும்போது கழுவிட்டுத்தானே படுக்கிறோம்?" என்றார் அந்த அம்மா. "அதுக்குச் சாமி கோவிச்சிக்கிதா? தேய்ங்க, ஆபிசருங்க போயிருவாங்க."

முதலாளி தேய்க்கத் தொடங்கினார். சொருகும் பள்ளம் மிகக் குறுகலானது, துணி போகாது. ஃபிலிம் காலத்தில் படத்தில் விழும் வெள்ளைப் புள்ளிகளுக்கு மை தொட்டு வைக்கும் மெல்லிய தூரிகைகள் என் மேசை லாச்சியில் கிடந்தன. ஒன்றை எடுத்துக் குனிந்து, பள்ளத்துக்குள் காய்ந்திருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் பொறுமையாகக் கிளறி ஊதினேன். முதலாளி டார்ச் பிடித்தார். அந்த அம்மா எங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே, "அந்தா, அந்த மூலையில செவப்பா தெரியுது பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் பழையதை மட்டும் சொருகிப் போட்டோம். குட்டியாக ஒரே ஒரு சத்தம். திரையில் எழுத்து வந்தது. அப்புறம் நிறுத்திப் புதியதையும் சொருகினோம். அதுவும் வந்தது. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

படங்களை அடித்து வெட்டியதும் அந்த அம்மா தேவையானதை மட்டும் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு மழையில் ஓடினார். மிச்சப் படங்களை உறையில் போட்டு லாச்சியில் வைத்தேன்.

தீபாவளிக்குப் பிறகு ஒருநாள் அந்த அம்மா வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"பேரன்" என்றார், நான் கேட்காமலே. "பொறக்கும்போது கிட்டதான் இருந்தேன். போற வழியில பஸ்ஸ நிப்பாட்டினாங்க. கார்டைக் காட்டினேன். பொலிஸ்காரன் பாத்தான், குடுத்துட்டான். அவ்வளவுதாங்க, ஒண்ணுமே கேக்கல."

லாச்சியைத் திறந்து உறையைக் கொடுத்தேன். படத்தை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னாங்க இது, நல்லா பயந்து போனவ மாதிரி எடுத்து வச்சிருக்கீங்க?"

"அன்னைக்கு நாங்களுந்தாங்க பயந்துகிட்டிருந்தோம்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அட, பேசுவீங்களா!"

அடுத்த ஆயுத பூஜைக்கும் முதலாளி பெட்டியைத் திறந்து தூசி தட்டினார். மெமரியைப் பிடுங்கவில்லை. உள்ளே கற்பூரத்தை மட்டும் தூரத்திலிருந்து காட்டிவிட்டு, பெட்டியை மூடி, வெளித்தகட்டில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.