ஒழுகாத கூரை

வானத்தின் கீழ் மெங் பெரியப்பாவைப் போலக் கூரை வேய்கிறவர் இன்னொருவர் பிறக்கவில்லை. மழையே அவரைக் கேட்டுத்தான் விழும். பெரும்பாலும் எங்கள் படுக்கை மேல்.

ஷூங் நாட்டில் அவர் வேய்ந்து ஒழுகாத வீடு கிடையாது. மழை வந்தால் பானைகளைப் பரப்பிவிட்டு, "ஓட்டை மெங் வாழ்க!" என்று கத்துவோம்.

"தண்ணி தூக்குற வேலை மிச்சம், நன்றி சொல்லுங்கடா" என்பார்.

நாடு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கிழக்கு வாசலில் நாய் குரைத்தால் மேற்கு வாசலில் பூனை மரமேறும். எங்கள் பிரபுவின் முப்பாட்டனுக்கு மாமன்னர் வெள்ளைப் புல்லில் சுற்றி ஒரு பிடி மண் கொடுத்தார். அதை வைத்து எழுப்பிய மண்மேடைதான் நாடு. வெயிலும் மழையும் அதன்மேல் விழும்வரை நாட்டுக்கு உயிர் உண்டு. அதனால் அதற்குக் கூரை போடுவதில்லை.

வடக்கத்திப் படை எங்கள் ஊர் வழியாகப் போக அனுமதி கேட்டது. பிரபு வாசலைத் திறந்து தினைக்கஞ்சியும் ஊற்றினார். திரும்பி வரும்போது அவர்கள் அனுமதி கேட்கவில்லை.

பிரபுவைப் புதைத்த கையோடு, மண்மேடைக்குக் கூரை போட உத்தரவு வந்தது. செத்த நாட்டின் மேடையை அப்படித்தான் மூடுவார்கள். ஊரில் இருந்த ஒரே கூரைக்காரர் பெரியப்பா.

"நம்ம மெங்குதானே! ஒரு தூறல் போதும், மேடை நனைஞ்சிடும்" என்று சிரித்தாள் கள் விற்கும் ஷுவாங் அத்தை.

அது வடக்கத்தி அதிகாரி காதுக்கும் போயிருக்க வேண்டும். "ஒரு சொட்டு ஒழுகினா உன் மகன் பாதத்தை வெட்டிடுவேன்" என்றான்.

வாழ்நாளில் முதல்முறையாகப் பெரியப்பா புல்லைத் தரம் பிரித்தார். இறுக்கிக் கட்டினார். அதிகாரி குடம் குடமாக ஊற்றச் சொல்லிப் பார்த்தான். உள்ளே மண் காய்ந்தே கிடந்தது.

மகன் இரண்டு காலோடு தெருவில் நடந்தான். ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "எங்களுக்குச் சல்லடை, அவனுங்களுக்குக் கூரையாய்யா?" என்று அத்தை பெரியப்பா குடித்த கிண்ணத்தை உடைத்தாள்.

கோடை மழை கொட்டிய மதியம், காவலர்கள் கூடாரத்துக்குள் ஓடியதும், சுரைக்குடுக்கையோடு மேடைக் கூரைக்கு அடியில் நுழைந்தேன். சும்மா, ஒரு குறும்புக்குத்தான்.

பெரியப்பா உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா அது?"

"கள்ளு. அத்தைகிட்ட திருடினது."

விரல் விட்டு நக்கினார். "மழைத் தண்ணி. ஊத்தாத. மண்ணு நனைஞ்சா ஒழுகுதுன்னுதான் நினைப்பானுங்க."

குடுக்கையைக் கீழே வைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன மழை!" என்றேன்.

"தொடைச்ச பின்னாடியும் வழியுதே" என்றார். "இந்தக் கூரை ஒழுகாதுடா."