ஒரே சொல்லைத் திரும்ப எழுதாதவள்

சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலையின் அலுவலக அறையில் அவளுக்கு 'டிக்‌ஷனரி' என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள். 'குட்' என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுவாள். கெட்டுப்போகாத பாலும் குட், சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையும் குட், அசந்து தூங்கிய தூக்கமும் குட், தேதி தாண்டாத டிக்கெட்டும் குட். சாப்பாட்டு வேளையில் யாராவது தெரியாத்தனமாக வாயைக் கொடுத்துவிட்டால், டப்பாவில் இருப்பது ஆறி அவலாகும்வரை விடமாட்டாள். கேட்பவர்கள் விட்ட கொட்டாவியை அவள் பிரமிப்பு என்று நினைத்துக்கொண்டாள். என்ன செய்வது, அப்படி ஒரு பிறவி.

ஒவ்வொரு வருடக் கடைசியிலும் தொழிலாளர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி எழுதி, கடல் தாண்டியிருந்த தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மேனேஜருக்கு அது வேண்டாத வேலை. "எல்லாருக்கும் குட்னு போட்டு அனுப்பிடும்மா" என்பார். அவளும் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் கை சும்மா இருக்கவில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவது சோம்பேறித்தனம் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இதைப் படிப்பவர்கள், இந்த ஆபீசில் இங்கிலீஷ் தெரிந்த ஆளே இல்லை என்று சிரிக்கமாட்டார்களா?

கணினியில் 'குட்' என்று தட்டி, அதே பொருள் தரும் சொற்களைக் கேட்டாள். கொட்டோ கொட்டென்று கொட்டியது. எல்லாம் ஒரே அர்த்தம்தானே என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். மெஷினை ஓட்டுவதைவிட வாயை ஓட்டுவதில் கெட்டிக்காரனான பட்டன்காரனுக்கு 'எக்ஸலண்ட்' போய்ச் சேர்ந்தது. துணி வெட்டும் பெரியவருக்கு 'பாஸபிள்'. பாஸாகிவிட்டார் என்றுதானே பொருள்! காலர் தைக்கும் அண்ணிக்கு மட்டும் நிதானமாக யோசித்தாள். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இவளுக்குத் தலைவாரிவிட்டவள், இவள் டைப்பிங் படிக்க ஓவர்டைம் பார்த்தவள். அவளுக்கென்று இருப்பதிலேயே அடக்கமான, படித்தவர்கள் வாயில் வருகிற சொல்லாகத் தேடி எடுத்தாள். 'அடிக்வேட்'. எழுதிவிட்டு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தாள். மேனேஜர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஆர்டர் குறைந்தது. ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அதில் வெட்டும் பெரியவர் இருந்தார். அண்ணியும் இருந்தாள். பட்டன்காரன் இல்லை.

மேனேஜர் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏன் இந்த ஆறு பேர்னு கேட்டேன். நாமதான் எழுதியிருக்கோமாம். அடிக்வேட்னா ஏதோ ஒப்பேத்தறாங்கன்னு அர்த்தமாம். பாஸபிள்னா அதைவிட மோசமாம். நான் குட்னுதானேம்மா போடச் சொன்னேன்?"

மேனேஜர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இப்ப வாயைத் திறக்காதே. படிக்காம கையெழுத்துப் போட்டவன் நான். வெளிய தெரிஞ்சா ரெண்டு பேர் வேலையும் போயிடும்."

திறக்கவில்லை. அதுதான் அவள் செய்த பெரிய கேவலம். சொல் தெரியாதது அறியாமை, தெரிந்தபிறகு மூடிக்கொண்டிருந்ததற்கு எந்த அகராதியிலும் நல்ல பெயர் கிடையாது. வீட்டில் அண்ணி பரிமாறியதைத் தலை நிமிராமல் தின்றாள். "எவனோ மேலே போட்டுக்கொடுத்திருக்கான். எவன்னு தெரிஞ்சா சும்மா விடமாட்டேன்" என்று அண்ணன் குதித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி ஜன்னலோரம் வீட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பழைய படுக்கைவிரிப்பைக் கிழித்துக் காலர் தைப்பதும், தைத்ததைப் பிரிப்பதுமாக இருந்தாள். மடியெல்லாம் நூல்.

"என்ன அண்ணி இது?"

"பழகிப் பார்க்கறேன். மேலே இருக்கறவங்க சும்மா சொல்லமாட்டாங்க இல்ல? என் கையிலதான் ஏதோ கோளாறு வந்திருக்கு, எனக்கே தெரியாம." ஒரு காலரை நீட்டினாள். "நீயே சொல்லு. எங்கே கோணுது? எனக்குக் கண்டுபிடிக்க முடியலை."

அவள் வாங்கிப் பார்த்தாள். எங்கேயும் கோணவில்லை. அடிஸ்கேல் வைத்து அளந்தாலும் கோணாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க கையில ஒண்ணும் இல்லை அண்ணி. நான்தான். மேனேஜர் எல்லாருக்கும் நல்லா வேலை செய்யறாங்கன்னு எழுதச் சொன்னாரு. நான் மேதாவித்தனமா ஆளுக்கொரு வார்த்தை போட்டேன், அர்த்தம் தெரியாம. உங்களுக்குப் போட்டது தப்பான வார்த்தை. ஆறு பேர் லிஸ்ட் வந்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வேலைக்குப் பயந்து சொல்லலை. நாளைக்கு மேலே எழுதிடறேன், தப்பு என்னுதுன்னு. என் வேலை போனா போகட்டும்."

அறை விழும் என்று காத்திருந்தாள். விழுந்தால் தேவலை என்றிருந்தது. அண்ணி கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணி."

"நிஜமாவா?"

அண்ணி சிரித்தாள். வேலை போனதெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில் இருந்ததாகவே தெரியவில்லை. அந்தச் சிரிப்புக்கு நாலு அறை எவ்வளவோ மேல் என்று டிக்‌ஷனரிக்குத் தோன்றியது. அவமானத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தரையில் கிடந்த நூலைப் பொறுக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணியின் சிரிப்பு நின்றது.

"வெட்டுற பெரியவர்கிட்ட சொன்னியா?"

"இல்லை அண்ணி."

"பாவி. அவரு கண்ணு போயிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. நாளைக்கு ஆபரேஷனுக்குப் போறாராம். எழுந்திரு."