மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று

மலாயாவில், பாலோ என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர்த் தோட்டமொன்றில் அப்போது நான் பால்மரம் சீவிக்கொண்டிருந்தேன். மரத்தின் சுற்றளவில் கால்பாகத்துக்குப் பட்டையைச் சாய்வாகச் சீவிவிட்டால், பால் வடிந்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் இறங்கும். அந்தக் கால்பாகம் கைக்குப் பழகிப்போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சீவுவேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பாதித் தூக்கத்தில்தான் சீவினேன். கைக்குழந்தை இரவெல்லாம் அழும்.

ஒருநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுத்து முடித்த கங்காணி சொன்னார்: "இன்னிலேருந்து கால்பாகம் கெடையாது. துரை உத்தரவு. எல்லா மரத்துலயும் மூணுல ஒண்ணு."

பக்கத்து நிரையில் சீவும் அக்கா என் காதருகே குனிந்தார். "அப்படின்னா கூடவா, கொறைச்சலா?"

"கால்னா நாலுல ஒண்ணு. இப்ப மூணாயிருச்சு. நாலைவிட மூணு கம்மிதானே அக்கா," என்றேன்.

நான் ஊரில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். அரை, கால், அரைக்கால் எல்லாம் தலைகீழாக ஒப்பிப்பேன். அந்த வாய்ப்பாட்டில் மூன்றில் ஒன்று என்று ஒன்று இருந்ததேயில்லை. அக்கா நம்பிவிட்டார். "நல்லதாப் போச்சு. வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போலாம்."

காட்டுக்குள் போனதும் கங்காணி ஒரு கயிற்றால் மரத்தைச் சுற்றி அளந்தார். அதை மூன்றாக மடித்துப் பட்டைமேல் வைத்து, மடிப்பு முடிந்த இடத்தில் கோடு கிழித்தார். கோடு என் பழைய வெட்டைத் தாண்டி நாலு விரல் போயிருந்தது.

"அளவு தப்பா இருக்குங்களே," என்றேன்.

"தப்பில்லம்மா. மூணா மடிச்சா மடிப்பு பெருசாத்தான் வரும்," என்றவர் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

ஒரு மரத்துக்கு நாலு விரல் ஒன்றுமில்லை. நிரைக்கு நிரை சேர்ந்தபோது தோள் கழன்றுவிடும்போலிருந்தது. வாளியும் கனத்தது. பாலை நிறுத்துவிட்டுத் திரும்பும்போது அக்கா, "உங்க பள்ளிக்கூடத்துல நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க," என்றார். சிரிக்க இருவருக்கும் தெம்பில்லை.

சாயங்காலம் வெறும் தரையில் படுத்துக் கிடந்தேன். மூத்தவள் சிலேட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் அந்த மாதம்தான் பின்னம் ஆரம்பித்திருந்தார்கள்.

"மூணுல ஒண்ணைவிட நாலுல ஒண்ணுதான் பெருசு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

எழுந்து உட்கார்ந்தேன். "இல்ல. மூணுல ஒண்ணுதான் பெருசு."

"நாலுதானேம்மா பெரிய நம்பரு?"

விடியலில் நான் சொன்ன அதே நியாயம். விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்தது, இருந்தும் சொன்னேன். "மரம் ஒண்ணுதான். அதை நாலு பங்காப் போட்டா ஒவ்வொரு பங்கும் சின்னதா வரும். மூணாப் போட்டா பெருசா வரும்."

குச்சியைக் கடித்தபடி யோசித்தாள். "பக்கத்து வீட்டுக்காரங்க கப்பலேறினப்புறம் உனக்கு மரம் கூடிப்போச்சே, அந்த மாதிரியா?"

ரப்பர் விலை விழுந்ததும் வேலையில்லை என்று அவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் மரங்கள் எங்கள் தலையில் விழுந்ததை அவளிடம் நான் சொன்னதில்லை. நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"அந்த மாதிரிதான்," என்றேன்.

"அப்ப ரெண்டுல ஒண்ணுன்னா?"

"அத கங்காணி காதுல போட்டுறாத," என்றார் என் கணவர், ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கொட்டகையின் வாடையோடு உள்ளே நுழைந்தபடி.

மூத்தவள் எச்சில் தொட்டு அழித்துவிட்டு, சரியாக எழுதினாள். நான் அரிசி களைய எழுந்தேன். விரல்கள் மடங்கவில்லை. சிலேட்டை ஓரமாக வைத்துவிட்டு, சட்டியை என் கையிலிருந்து அவள் வாங்கிக்கொண்டாள்.