ஜெபராணி கட்டி வைத்த குழாய்

அன்னூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் ஜெபராணி பால்வாடி டீச்சராக இருந்தாள். இது தொண்ணூற்றாறில் நடந்தது. ஊர்க் கடைசியில் பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளிருக்கும் ஈயத்தை உருக்கி எடுக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அவள் கணவர் பாக்கியசாமிக்கு அங்கேதான் வேலை. காலங்காலமாகத் தோட்ட வேலைக்குப் போன குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆட்கள் இவர்கள் இருவரும்தான். அதில் பாக்கியசாமிக்குப் பெருமை உண்டு.

அந்த வருடம் பால்வாடிப் பிள்ளைகள் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பூச்சி மருந்துக்கும் கேட்கவில்லை. எந்நேரமும் பாடிக்கொண்டிருந்த யுவஸ்ரீ மூலையில் சுருண்டு கிடந்தாள். அவளுடைய அம்மா மயிலாத்தாள் பயந்துபோய், ஜெபராணியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, "குழந்தை உடம்புல ஈயம் ஏறியிருக்கு. வீட்டுல யாராவது பேட்டரி வேலைக்குப் போறாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நாங்க தறிக்குப் போறோமுங்க," என்றாள் மயிலாத்தாள்.

"அப்ப குடிக்கிற தண்ணியைக் கொண்டு வாங்க. பார்க்கலாம்."

பொதுக்குழாய்த் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதிலும் ஈயம் இருந்தது. ஊருக்குத் திரும்பக் காந்திபுரத்தில் பஸ் ஏறியபோதே ஜெபராணிக்குக் கணவரின் கொட்டகை நினைவுக்கு வந்துவிட்டது. கொட்டகைக்குப் பின்னால் பேட்டரித் தண்ணீரைக் கொட்டும் குழியும், அதற்குக் கூப்பிடு தூரத்தில் ஊர்த்தொட்டிக்கு நீர் ஏற்றும் ஆழ்குழாய்க் கிணறும் அவள் தினமும் பார்ப்பவை.

வீட்டில் சொன்னதும் பாக்கியசாமி சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். "நீ வெளிய சொல்லிப்போட்டீன்னா, நானு மறுக்கா மம்பட்டி தூக்கோணும். தெரியுதா?"

"தெரியுதுங்க. ஆனா என்னையக் கண்டா ஓடி வர்ற புள்ளைங்க அதுங்க. இப்ப ஆருன்னே தெரியாத மாதிரி பாக்குதுங்க."

அவர் கை கழுவ எழுந்து போனார். காலையில் அவள் பால்வாடி வாசலில் இருந்த அந்தப் பொதுக்குழாயைக் கம்பியால் சுற்றிக் கட்டினாள். குடத்தோடு வந்தவர்களிடமெல்லாம் விஷயத்தைச் சொன்னாள். பஞ்சாயத்துத் தலைவரிடமும் போய்ச் சொன்னாள்.

சரி, வேறு தண்ணீர்? மேட்டுத் தோட்டத்து அங்கப்பன் கிணற்றில் இருந்தது. ஜெபராணியின் தெருக்காரர்கள் அதில் குடம் விட்டதே கிடையாது. அவள் போய் வேலி ஓரம் நின்றாள்.

"ஏனுங்க, பால்வாடிப் புள்ளைங்களுக்குக் குடிக்கத் தண்ணி வேணுமுங்க."

அங்கப்பன் தென்னைகளைப் பார்த்தபடி சொன்னார்: "கெணத்துக்கிட்ட வர வேண்டாம், அம்மணி. வேலிக்கு வெளிய பைப்பு உட்டுத் தாரேன். எல்லாரும் புடிச்சுக்கங்க."

முதலில் சொன்னது அவளைச் சுட்டது. இருந்தாலும் "சரிங்க" என்றாள். பிள்ளைகள் குடிக்க வேண்டுமே. அந்தத் தண்ணீரையும் சோதித்து, நல்லது என்று தெரிந்த பிறகே கொடுத்தாள்.

பஞ்சாயத்திலிருந்து புகார் போய், ஒரு வழியாக அதிகாரிகள் கொட்டகைக்கு வந்தபோது குழி இருந்த இடத்தில் மண் கொட்டி நிரவியிருந்தது. "அப்படி ஒண்ணும் இங்க இல்லீங்களே," என்றார் முதலாளி. உருக்கும் அடுப்பருகில் நின்ற பாக்கியசாமி தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். நேராகப் பின்பக்கம் நடந்து போய்க் காலால் மண்ணைத் தட்டினார்.

"இங்கதானுங்க. தோண்டிப் பாருங்க."

ஜெபராணி அவரிடம் இதைக் கேட்டிருக்கவில்லை. கூட்டத்தில் நின்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கொட்டகை மூடப்பட்டது. முதலாளி வெள்ளகோவில் பக்கம் புதிதாக ஆரம்பித்து ஆள் அனுப்பியும் பாக்கியசாமி போகவில்லை. அவர் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. வைத்தியம் பார்த்துத் தேறிய பிறகு கொத்து வேலைக்குக் கையாளாகப் போனார். வெகு நாள் வீட்டில் பேச்சுக் குறைந்திருந்தது. பிறகு மெல்ல மெல்லச் சரியானது. யுவஸ்ரீ மறுபடியும் பாடினாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க மற்றவர்களைவிட அவளுக்கு நாளானது. ஊருக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்து சேர இன்னும் சில வருடம் பிடித்தது.

"உன்னாலதான அவருக்கு வேலை போச்சு?" என்று யாராவது கேட்டால் ஜெபராணி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"போகலீங்க. அவரே உட்டுப்போட்டு வந்துட்டாருங்க," என்பாள்.