நனைத்த நார்

பங்குனி மாதம். ஆட்களை ஏற்றி ஆகாயத்தில் ஒரு சுற்றுக் காட்டும் விமானக் கம்பெனி ஒன்று மதுரைக்கு வந்திருந்தது. கீழக்குயில்குடிப் பக்கம் வற்றிக் கிடந்த கண்மாய்தான் அதற்கு இறங்குதளம். எங்கள் மிஷன் பள்ளிக்கு ஒரே ஓர் இடம் இலவசம். அதற்குப் பூகோள வாத்தியார் ஒரு கணக்கு வைத்தார். வடமேற்கு எல்லையில், மலைகளுக்கு நடுவே உள்ள கில்கித் விமானத் தளத்திலிருந்து சித்ரால் தளத்துக்கு எவ்வளவு தூரம், மணிக்கு நூறு மைல் போகும் விமானத்துக்கு எவ்வளவு நேரம்? சரியாகச் சொல்பவனுக்கு அந்த இடம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

பக்கத்து பெஞ்சில் இருந்த சிநேகிதனும் நானும் சேர்ந்தே கணக்கைப் போடுவது, ஒரே விடையைச் சொல்வது, ஜெயித்தால் சீட்டுக் குலுக்கிக்கொள்வது என்று பேசிக்கொண்டோம். அம்மா பூக்கட்ட வைத்திருந்த வாழைநாரில் ஓர் இழை கிழித்து வந்தேன். அட்லஸில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே அதை இழுத்துப் பிடித்து அளந்தால், ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்தது.

அவனுடைய தாய்மாமன் பட்டாளத்தில் அந்தப் பக்கம் இருந்துவிட்டு லீவில் கோச்சடைக்கு வந்திருந்தார். "ஒங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை கேளேன் மாப்ள" என்றேன்.

"கேட்டுட்டேன். அவரு பட்டாளத்துல உருளைக்கிழங்கு உரிச்ச ஆளு. ஏரோப்ளேனைப் பத்தி என்னத்தத் தெரியும்? நீ நாரை நேராப் புடி."

நேராகப் பிடித்தேன். ஆகாயத்தில் போகிறவன் எதற்காக வளைய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போட்டியன்று முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். விடையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அடுத்து அவன் எழுந்து சட்டைப்பையிலிருந்து ஒரு நாரை எடுத்தான்.

"அந்த மலைக்கு மேல ஏரோப்ளேன் ஏறாது சார். ஆத்துப் பள்ளத்தாக்கோட வளைஞ்சு வளைஞ்சுதான் போவும்" என்று சொல்லிக்கொண்டே, படத்தில் ஆறு போகும் கோட்டின் மேல் நாரை வளைத்து வைத்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வந்தது. வாத்தியார் மேஜையைத் தட்டிப் பாராட்டினார்.

தோற்றதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் காய்ந்த நார் அப்படி வளையாது, ஒடிந்துவிடும். வளைய வேண்டுமானால் முன்கூட்டியே தண்ணீரில் ஊறப் போட்டிருக்க வேண்டும். அவனுடைய சட்டைப்பையில் ஈரம் படர்ந்திருந்தது. காலையில் எங்கள் வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவன் இட்லி தின்றபோதே அந்த நார் அந்தப் பையில் இருந்திருக்கிறது.

"மாமா நேத்துத்தான் சொன்னாரு மாப்ள" என்றான் வெளியே வந்ததும்.

"நேத்துச் சாயந்தரம் நீயும் நானுந்தான ஒக்காந்து கணக்கைச் சரிபாத்தோம்?"

அவன் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த நாரை உள்ளே தள்ளினான்.

அவன் பறந்த அன்று போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை. விமானம் கண்மாயை விட்டு எழும்பியது, சமணர் மலையை நோக்கிப் போனது, அதன் மேல் ஏறாமல் பக்கமாக ஒதுங்கித் திரும்பியது. இறங்கியதும் அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான்.

"மேலருந்து பாத்தா நம்ம கோயில் கோபுரம் எம்புட்டு இருக்கு தெரியுமா மாப்ள?"

எம்புட்டு என்ற கேள்வி எனக்குத் தொண்டை வரை வந்தது.

"வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

மேலிருந்து கோபுரம் எம்புட்டு இருக்கும் என்பது எனக்கு இன்னும் தெரியாது. விமானத்தில் ஏறிய வேறு யாராவது அகப்பட்டால் கேட்க வேண்டும்.